மீண்டும் மீண்டும் குலுங்கும் பிளவுகள்: பாறையில் சேரும் திரிபை எப்படி அளக்கிறார்கள்?

நீள்வினா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக நிலநடுக்கவியலைப் படித்துவருகிறேன். இத்துறையில் எனக்கு முறையான பயிற்சி இல்லை. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுப்பெயர்ச்சியின் (இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் நிலப்பிளவின்) மீது அமைந்த பார்க்ஃபீல்ட் என்னும் சிற்றூரைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது.

அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. சராசரி இடைவெளி 22 ஆண்டுகள். இதை வைத்து, அடுத்தது 1988ஐ ஒட்டி, தவறினால் 1993க்குள் வந்துவிடும் என்று 1985இல் அறிவியலாளர்கள் கணித்தார்கள். ஆனால் அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. இருபுறமும் உள்ள புவித்தட்டுகள் ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் நகர்கின்றன என்றால், ஒரே பிளவு ஒரே இடைவெளியில் ஏன் உடையவில்லை? சேரும் திரிபை, அதாவது பாறை வளைந்து உருமாறும் அளவை, உண்மையிலேயே அளக்கிறார்களா, அல்லது தட்டுகளின் வேகத்திலிருந்து ஊகித்துக்கொள்கிறார்களா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அளவைக்கோல்

நண்பரே, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. திரிபை வெறுமனே ஊகிப்பதில்லை, அளக்கவே செய்கிறார்கள். பாறைக்குள் கைவிட்டு அளக்க முடியாது. தரையின் மேலுள்ள புள்ளிகள் ஒன்றுக்கொன்று எப்படி விலகுகின்றன என்பதை அளந்து, கீழே நடப்பதைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தச் சிந்தனையின் வேர் 1906 ஏப்ரல் 18 அன்று நிகழ்ந்த சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே அப்பகுதியின் மலையுச்சிகளுக்கிடையே முக்கோண முறையில் நில அளவை செய்திருந்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே புள்ளிகளை மீண்டும் அளந்து, பழைய பதிவுகளோடு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்னும் அறிவியலாளர் ஒப்பிட்டார். பிளவுக்குத் தொலைவில் இருந்த புள்ளிகள் நிலநடுக்கத்துக்கு முன்பே மெல்ல மெல்ல நகர்ந்திருந்தன. பிளவை ஒட்டிய புள்ளிகளோ அதுவரை அசையாமல் நின்று, நிலநடுக்கத்தின்போது ஒரே தாவலாக நகர்ந்தன. பாறை வில்லைப் போல வளைந்துகொண்டே வந்து, பிளவின் உராய்வு தாங்காத நேரத்தில் நழுவி மீள்கிறது என்று அவர் 1910இல் எழுதினார். மீட்சி எழுச்சிக் கோட்பாடு என்பது இதுதான்.

இதை ஒரு வேலியைக் கொண்டு பார்த்தால் நன்றாக விளங்கும். முந்தைய நிலநடுக்கம் முடிந்தவுடன் பிளவுக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒரு வேலி போட்டால், ஆண்டுகள் செல்லச்செல்ல அது மெல்லிய எஸ் வடிவில் வளையும். அடுத்த நிலநடுக்கத்தில் பிளவின் மேல் அறுந்து, இரண்டு நேரான துண்டுகளாக விலகி நிற்கும். நிலநடுக்கத்துக்கு முந்தைய நாள் போட்ட வேலியோ, அறுந்த பிறகுதான் வளைந்து காணப்படும். 1906இல் அறுந்த வேலிகளின் படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு வேலி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விலகியிருந்தது. மிகுதியாக விலகிய இடத்தில் நகர்வு 6 மீட்டரைத் தொட்டது.

இன்று மலையுச்சிக் கருவிகளின் இடத்தை ஜி.பி.எஸ். நிலையங்கள் எடுத்துக்கொண்டன. நம் கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர்வரை பிழைபடும். நில அளவைக்கான நிலையம் செயற்கைக்கோள் அலையின் கட்டத்தையே (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே) எண்ணுவதால், ஒருநாள் தரவிலிருந்து சில மில்லிமீட்டர் துல்லியத்தை எட்டுகிறது. மழைக்காலத்தில் மண் உப்பினாலும் அந்த அளவுக்கு அசையும் என்பதால், உணர்கருவியின் உலோகக் கால்களைப் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு இறக்குகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபக்கமும் ஆண்டுக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று கடக்கும் ஒரு பிளவு, மேலிருந்து 15 கிலோமீட்டர் ஆழம்வரை இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். அதற்குக் கீழே பாறை சூடாக இருப்பதால் ஓசையின்றி நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது மொத்த நகர்வில் பாதி, பிளவின் இருபுறமும் 15 கிலோமீட்டருக்குள் விழும். மீதி அதற்கு வெளியே படிப்படியாகப் பரவும். பிளவின் மேல் திரிபு சேரும் வீதம், ஒரு கிலோமீட்டர் நீளத்தின் இரு முனைகள் ஆண்டுக்கு 0.6 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகுவதற்குச் சமம். பல பெரிய நிலநடுக்கங்களில் வெளியேறும் தகைவு, அதாவது பாறைக்குள் ஓரலகுப் பரப்பின்மீது இருக்கும் விசை, சில மெகாபாஸ்கல்தான். 3 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், அதைச் சேர்க்க நம் பிளவுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். வேகம், ஆழம், பாறையின் விறைப்பு, வெளியேறும் தகைவு என்னும் நான்கே எண்களிலிருந்து நூறாண்டு அளவிலான காலம் கிடைக்கிறது.

நீள்வினா

மிக்க நன்றி. வேலி எடுத்துக்காட்டு என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஆனால், 150 ஆண்டுகள் என்று கணக்கிட முடிந்தால், கடைசியாக உடைந்த ஆண்டோடு 150ஐக் கூட்டி நாளைக் குறித்துவிடலாமே? எந்த இடத்தில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது?

மண்ணடுக்கு

கூட்டிப் பார்த்துவிட முடியாததற்கு முதல் காரணம், கருவிகள் வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை என்பது. ஒரே பிளவு பத்து முறை உடைந்த வரலாறு வேண்டுமென்றால் மண்ணைத்தான் தோண்ட வேண்டும். நான் ஓர் அகழ்வுக் குழுவில் உதவியாளனாக இரண்டு பருவங்கள் வேலை செய்தவன் என்பதால், அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பிளவு கடந்துசெல்லும் இடத்தில், வண்டல் ஆண்டுதோறும் படியக்கூடிய தாழ்வான நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். வறண்ட மேட்டில் தோண்டிப் பயனில்லை. அங்கே பக்கங்களே எழுதப்படவில்லை. பிளவுக்குக் குறுக்காக, ஆள் மூழ்கும் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, சுவர் சரியாமல் முட்டுக் கொடுத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்திரத்தின் பற்கள் கீறிய தடங்கள் மறையும்வரை கரண்டியால் சுவரைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். பிறகு ஒரு மீட்டருக்கு ஒரு நூல் கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் நிறம் நிறமாகக் குண்டூசிகளைக் குத்திக்கொண்டே போவோம். முதல் நாள் பழுப்பு மண்ணாகத் தெரிந்த சுவரில், மூன்றாம் நாள் இருபது அடுக்குகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

தேடுவது ஒன்றைத்தான். கீழிருந்து மேலே வரும் பிளவின் கிளை ஒன்று சில அடுக்குகளை வெட்டிக்கொண்டு வந்து, ஓர் அடுக்கின் அடியில் திடீரென்று நின்றுவிடும். அதற்கு மேலுள்ள அடுக்கு வெட்டுப்படாமல் போர்வைபோல மூடியிருக்கும். அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிலம் உடைந்திருக்கிறது என்று பொருள். மேலும் கீழும் உள்ள கரித்துண்டுகளைச் சாமணத்தால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்புவோம். அரிசி மணியளவு கரி போதும். ஆனால் அந்தக் கரி, முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உள்வைரமாக இருந்து, எரிந்து, ஓடையில் உருண்டு வந்து படிந்ததாகவும் இருக்கலாம். அப்போது அது அடுக்கின் வயதைவிட மூத்த வயதைக் காட்டும். ஒரே அடுக்கில் பல மாதிரிகள் எடுப்பதன் காரணம் அதுவே.

சான் ஆண்ட்ரியாஸின் தென்பகுதியில் உள்ள பாலெட் ஓடையில் 1970களில் கெரி சீ என்னும் புவியியலாளர் இம்முறையைக் கையாண்டார். சதுப்பில் மக்கிய தாவரப் படிவுகளும் மணலும் மாறிமாறிப் படிந்திருந்ததால், பத்து நிலநடுக்கங்களை அவரும் அவருடைய குழுவினரும் காலவரிசைப்படுத்த முடிந்தது. சராசரி இடைவெளி ஏறத்தாழ 132 ஆண்டுகள். ஆனால் சராசரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் ஏமாந்துபோவோம். அவை இரண்டு மூன்றாகக் கூட்டமாக வந்து, அதன்பின் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் அமைதியாக இருந்திருக்கின்றன. கடைசி இரண்டும் 1812, 1857 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. இடைவெளி 45 ஆண்டுகள் மட்டுமே.

இதற்கு மாறாக, நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு வியக்கத்தக்க ஒழுங்கைக் காட்டுகிறது. ஹொக்குரி ஓடையின் படிவுகளில் 8000 ஆண்டுகளில் 24 நிலநடுக்கங்கள் பதிவாகியுள்ளன. சராசரி இடைவெளி ஏறத்தாழ 330 ஆண்டுகள். கடைசியாகப் பெரிதாக உடைந்தது 1717இல். பக்கத்தில் தொல்லை கொடுக்கும் வேறு பெரிய பிளவுகள் இல்லாமல், ஒரே பிளவு பெரும்பாலான நகர்வைத் தனியே சுமப்பதுதான் அந்த ஒழுங்குக்குக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். ஆகவே "பிளவுகள் ஒழுங்கானவையா?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பிளவு, அதன் அண்டை வீட்டார் யார் என்று கேட்க வேண்டும்.

அலைவரி

மண்ணடுக்கு அவர்கள் நூறாண்டுகளைப் பற்றி எழுதினார். நான் மாதங்களிலும் ஆண்டுகளிலும் திரும்பும் சிறிய நிலநடுக்கங்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் "மீண்டும் நிகழ்தல்" என்பதை நேரில் காண முடிவது அங்கேதான்.

ஒரே பிளவில், ஒரே சிறு திட்டு மீண்டும் உடைந்தால், அதிலிருந்து புறப்படும் அலைகள் அதே வழியில் அதே பாறைகளைக் கடந்து அதே நிலையத்தை அடைகின்றன. ஆகவே பதிவுக்கருவியில் விழும் வரைகோடுகள் முதல் துடிப்பிலிருந்து வால்வரை, ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒத்திருக்கும். எட்டு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஒரே கோடாகத் தெரிந்ததை முதன்முதலாகத் திரையில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. கோப்பைத் தவறுதலாக இருமுறை திறந்துவிட்டேன் என்றே நினைத்து, தேதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

இவ்வகைத் திட்டுகளைச் சுற்றியுள்ள பிளவுப் பரப்பு பூட்டிக்கொள்ளாமல் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த ஊர்வுதான் திட்டின்மீது சுமையை ஏற்றுகிறது. எனவே திட்டு எத்தனை முறை உடைந்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நழுவியது என்று எண்ணினால், பல கிலோமீட்டர் ஆழத்தில் பிளவு எவ்வளவு ஊர்ந்தது என்பது தெரிந்துவிடும். நாம் இறங்கவே முடியாத ஆழத்தில் யாரோ நட்டுவைத்த அளவுகோல்போல அவை வேலை செய்கின்றன. பார்க்ஃபீல்டில் இத்தகைய தொடர்கள் ஏராளமாக உண்டு.

ஊர்வைக் கண்ணால் பார்க்கவும் முடியும். கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் அருகே, பிளவின் மீதே கட்டப்பட்ட ஒரு திராட்சை மது ஆலையின் சுவர்கள், எந்த நிலநடுக்கமும் உணரப்படாமலேயே விரிசல்விட்டு விலகிக்கொண்டிருந்தது 1950களில் கவனிக்கப்பட்டது. கட்டடத்தின் இரு பகுதிகளும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் பிரிந்துகொண்டிருந்தன. அதுவரை பிளவென்றால் பூட்டிக்கொண்டு, பிறகு உடையும் என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

ஏன் ஒரு பகுதி ஊர்கிறது, அடுத்தது பூட்டிக்கொள்கிறது? பார்க்ஃபீல்டுக்கு அருகில் ஊர்ந்துகொண்டிருக்கும் பிளவுக்குள்ளேயே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 2007இல் பாறை மாதிரியை மேலே கொண்டுவந்தார்கள். அதில் சாப்போனைட் என்னும் வழுக்கும் களிமண் கனிமம் இருந்தது. ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்தபோது அதன் உராய்வு மிகக் குறைவாக இருந்தது. அதைவிட முக்கியமாக, வேகமாக இழுக்கும்போது உராய்வு கூடியது. வேகம் கூடும்போது உராய்வும் கூடினால் நழுவல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். உராய்வு குறைந்தால் கட்டுமீறி ஓடும். இரண்டாவதுதான் நிலநடுக்கம்.

புதுவரவு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஓர் ஐயம். சிறிய நிலநடுக்கங்கள் அடிக்கடி வந்தால், சேர்ந்த திரிபு சிறுகச் சிறுக வெளியேறிப் பெரியது வராமல் தடுக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியா?

அளவைக்கோல்

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கூற்று, கணக்கில் நிற்காது. நான் மேலே சொன்ன அதே பிளவு 100 கிலோமீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். 150 ஆண்டுகளில் நாலரை மீட்டர் நழுவல் கடனாக நிற்கிறது. அதை ஒரே முறையில் தீர்த்தால் ஏறத்தாழ 7.5 அளவுள்ள நிலநடுக்கம் வரும். அதே நகர்வை 6 அளவுள்ள நிலநடுக்கங்களால் மட்டும் தீர்க்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 160 தேவைப்படும். அதாவது ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல், நூற்றைம்பது ஆண்டுகளும் இடைவிடாமல். 5 அளவாக இருந்தால் ஐயாயிரம். எந்தப் பூட்டிய பிளவும் அப்படி நடந்துகொண்டதில்லை. ஓசையின்றி ஊர்வது மட்டுமே உண்மையாகக் கடனைக் குறைக்கிறது. அதனால்தான் எங்கே, எவ்வளவு ஊர்கிறது என்பதை அறிய இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

இதற்கு ஜி.பி.எஸ். நிலையங்கள் மட்டும் போதாது. அவற்றுக்கு இடையில் வெற்றிடம் நிறைய. ரேடார் செயற்கைக்கோள் ஒரே நிலத்தை இருமுறை படம்பிடித்து, திரும்பிவரும் அலையின் கட்ட வேறுபாட்டைக் கணக்கிடும் இன்சார் முறை அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. 1992இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த லேண்டர்ஸ் நிலநடுக்கத்தின் நிலப்பெயர்வு இம்முறையில் படமாகியபோது துறையே புதிய கண்ணைப் பெற்றது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு நிறச்சுற்று முடிந்து அடுத்தது தொடங்கினால், தரை செயற்கைக்கோளை நோக்கியோ விலகியோ 2.8 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். காடு அடர்ந்த இடங்களில் இலைகள் அசைவதால் அந்த அலை தடுமாறும். 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் இணைந்து ஏவிய நிசார், நீண்ட அலைநீளத்தைப் பயன்படுத்துவதால் இலைகளை ஊடுருவித் தரையைப் பார்க்க வல்லது. இமயமலையின் பசுமையான சரிவுகளுக்கு இது பெரிய வரம்.

கடலடி

தரையில் இருக்கும் பிளவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உலகின் மிகப் பெரிய நிலநடுக்கங்கள் கடலுக்கடியில், ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களில் நிகழ்கின்றன. இந்த இழையின் மையக் கேள்விக்கு மிகக் கடுமையான பாடமும் அங்கிருந்துதான் வந்தது.

ஜப்பானின் மியாகி கடற்கரைக்கு அப்பால் 1793, 1835, 1861, 1897, 1936, 1978 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 அளவிலான நிலநடுக்கங்கள் வந்தன. சராசரி 37 ஆண்டுகள். முப்பது ஆண்டுகளுக்குள் அடுத்தது வருவதற்கு 99 விழுக்காடு வாய்ப்பு என்று அரசின் மதிப்பீடு கூறியது. 2011 மார்ச் 11 அன்று அதே பகுதியில் தொடங்கிய நிலநடுக்கம் 9.0ஆக வளர்ந்தது. இருநூறு ஆண்டு ஒழுங்கு உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கில் வந்தவை அனைத்தும் சேர்ந்தும் தட்டின் நகர்வில் ஒரு பகுதியைத்தான் தீர்த்துவந்தன. மீதி, தட்டு அமிழத் தொடங்கும் கடலடிப் பள்ளமான அகழியை ஒட்டிய பரப்பில் பல நூற்றாண்டுகளாகக் கிடந்தது.

தடயங்கள் இல்லாமல் இல்லை. கி.பி. 869இல் வந்த பேரலை சென்டாய் சமவெளியில் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே மணற்படலத்தை விட்டுச்சென்றிருந்ததை ஆய்வாளர்கள் 2011க்கு முன்பே கண்டெடுத்திருந்தார்கள். ஜி.பி.எஸ். நிலையங்கள் கடற்கரை மேற்கு நோக்கித் தள்ளப்படுவதைக் காட்டின. அதாவது கடலுக்கடியில் ஏதோ பூட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நிலையங்கள் யாவும் தரையில். பூட்டிய பரப்போ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கிழக்கே. அங்கே என்ன நடக்கிறது என்பது தரையிலிருந்து மங்கலாகத்தான் தெரிந்தது. நிலநடுக்கத்தில் ஓஷிகா தீபகற்பம் 5.3 மீட்டர் கிழக்கே நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கடலடியில் வைத்திருந்த ஒலிக்கருவிகளோ 24 மீட்டர் நகர்வைக் காட்டின. மேலே மிதக்கும் கப்பல் ஜி.பி.எஸ்.ஸால் தன் இடத்தை அறிந்துகொண்டு, கீழேயுள்ள கருவிகளோடு ஒலியால் பேசி அவற்றின் இடத்தைக் கணக்கிடும் முறை அது. உப்பும் வெப்பமும் மாறினால் கடல்நீரில் ஒலியின் வேகமும் மாறும் என்பதால், சில சென்டிமீட்டர் துல்லியம் பெறுவதற்கே பல மணி நேரம் கப்பல் சுற்றிச்சுற்றி வர வேண்டும்.

கருவியே இல்லாத காலத்துக்கு இயற்கை வைத்துவிட்டுப்போன கருவி பவளம். சுமத்திராவுக்கு மேற்கே உள்ள தீவுகளில் சிலவகைப் பவளங்கள் தாழ்நீர்மட்டம்வரைதான் உயர முடியும். அதற்குமேல் வெயிலில் காய்ந்து மடிந்துவிடும். இரண்டு நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தீவு மெல்ல அமிழ்வதால் பவளம் மேல்நோக்கி வளர இடம் கிடைக்கிறது. நிலநடுக்கத்தில் தீவு உயர்ந்தால் பவளத்தின் தலை நீருக்கு வெளியே வந்து மடிகிறது. மரத்தைப் போலவே பவளத்துக்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. ஒரு பவளத் தலையை நெடுக்காக அறுத்தால், இருநூறு ஆண்டுகளாகத் தரை எப்போது, எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை வளையம் வளையமாகப் படிக்கலாம். மெந்தாவாய் தீவுகளின் பவளங்களில் 1797, 1833 நிலநடுக்கங்கள் அப்படித்தான் படிக்கப்பட்டன. அங்கேயும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒன்றல்ல, சில பத்தாண்டுகளுக்குள் பல நிலநடுக்கங்கள் தொடராக வருவது தெரிந்தது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வட அமெரிக்காவின் காஸ்கேடியா பகுதியில், ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒருமுறை ஜி.பி.எஸ். நிலையங்கள் சில நாட்கள் திசைமாறி நகர்ந்து மீண்டும் பழைய திசைக்குத் திரும்புவது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. ஆழத்தில் பிளவு பல நாட்கள் எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவுகிறது. மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அதே பிளவின் மேற்பகுதி 1700 ஜனவரி 26க்குப் பிறகு பெரிதாக உடையவில்லை. கீழே நிகழும் ஒவ்வொரு மெதுநழுவலும் மேலே பூட்டிய பகுதியின் சுமையைச் சற்றே கூட்டுகிறது.

மாற்றுநோக்கு

இவ்வளவையும் வாசித்த பிறகும், "ஒரு பிளவுக்கு ஒரு இயல்பான நிலநடுக்கம் உண்டு" என்னும் எண்ணத்தையே நாம் இன்னும் உதறவில்லை என்று தோன்றுகிறது. மண்ணடுக்கு அவர்கள் ஆல்பைன் பிளவைப் பாராட்டினார். ஆனால் மியாகியிலும் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கே கண்ணை மறைத்தது. நீண்ட காலம் உடையாத இடத்தில்தான் அடுத்தது வரும் என்னும் இடைவெளிக் கருத்தைப் பசிபிக் கரை முழுவதும் சோதித்த ஆய்வாளர்கள் காகனும் ஜாக்சனும், அண்மையில் உடைந்த பகுதிகளின் அருகிலேயே அடுத்தவை மிகுதியாக வந்ததை 1991இல் காட்டினார்கள். நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும் என்பதே அடிப்படை விதி என நான் கருதுகிறேன்.

துருக்கியின் வட அனத்தோலியப் பிளவைப் பாருங்கள். 1939இல் எர்சிஞ்சானில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பெரும்பாலும் மேற்கு நோக்கி நகர்ந்து, 1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித்தில் வந்து நின்றது. ஒவ்வொரு முறிவும் தன் முனைக்கு அப்பாலுள்ள பகுதியின் சுமையைக் கூட்டியது. 1997இல் வெளியான தகைவு மாற்றக் கணக்கு, இஸ்மித் பகுதியில் சுமை கூடியிருப்பதைச் சுட்டியிருந்தது. இஸ்மித் உடைந்த மூன்று மாதங்களுக்குள், 1999 நவம்பர் 12 அன்று, பக்கத்திலிருந்த டூஸ்ஜே பகுதி உடைந்தது. தன் சொந்தக் காலக்கணக்குப்படி உடையும் தனிப் பிளவு என்பது இங்கே எங்கே இருக்கிறது?

மண்ணடுக்கு

உங்கள் மறுப்பில் பாதியை மனமார ஏற்கிறேன். மியாகி பற்றி நீங்கள் சொன்னது சரி. குறுகிய பதிவின் ஒழுங்கை நீண்ட ஒழுங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆல்பைன் பிளவின் பதிவு ஆறு நிலநடுக்கங்களை வைத்து எழுதப்பட்டதன்று, இருபத்துநான்கை வைத்து எழுதப்பட்டது. எட்டாயிரம் ஆண்டுகள் நீடித்த ஒழுங்கைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வட அனத்தோலியப் பிளவும் உங்கள் கூற்றை முழுமையாகத் தாங்கவில்லை. அண்டைப் பகுதி ஏற்றிய சுமை, பல நூற்றாண்டுகள் தட்டு நகர்வால் சேர்ந்ததோடு ஒப்பிட்டால் சிறிது. முறியும் நிலைக்கு மிக அருகில் ஏற்கெனவே வந்துவிட்ட பகுதியைத்தான் அது தள்ளிவிட முடியும். திரிபு சேர்வது உண்மை. எந்தத் துளியில் வழியும் என்பதுதான் அண்டையாரைப் பொறுத்தது.

நீள்வினா

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பார்க்ஃபீல்டில் 2004க்கு முன் என்ன தெரிந்தது? அவ்வளவு கருவிகளைக் குவித்து வைத்துக் காத்திருந்த இடத்திலாவது ஏதேனும் முன்னறிகுறி கிடைத்ததா? அத்துடன், இன்று நாள் குறிக்காமல் விழுக்காடு மட்டும் சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது?

அளவைக்கோல்

விழுக்காட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நழுவல் வேகம், அகழ்வில் கிடைத்த காலவரிசை, கடைசியாக உடைந்த ஆண்டு ஆகியவற்றை, ஒரு பிளவிலிருந்து மற்றொன்றுக்கு முறிவு தாவும் சாத்தியத்தோடு சேர்த்துக் கணிக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2014இலிருந்து 30 ஆண்டுகளுக்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் வர 72 விழுக்காடு வாய்ப்பு என்பது அவ்வாறு கிடைத்த எண். அங்குள்ள எல்லாப் பிளவுகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது அது. தனி ஒரு பிளவுக்கு அன்று.

பார்க்ஃபீல்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1985இல் கணித்தவர்கள் கண்மூடித்தனமாகக் கணிக்கவில்லை. 1934, 1966 இரண்டிலும் முதன்மை நிலநடுக்கத்துக்கு 17 நிமிடம் முன்னதாக 5.1 அளவில் ஒரு முன்னதிர்வு வந்திருந்தது; இரண்டிலும் முறிவு வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி ஓடியது. 1966இல் பிளவைக் கடந்த ஒரு பாசனக் குழாய், நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் முன்பே உடைந்திருந்தது. இத்தனை ஒற்றுமைகளைக் கண்ட எவரும் அதே நாடகம் மீண்டும் அரங்கேறும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 1922க்கும் 1934க்கும் இடைவெளி 12 ஆண்டுகள்தான் என்பதை, பத்தாண்டு முந்திவந்துவிட்டதாக வைத்துக்கொண்டுதான் 22 ஆண்டு ஒழுங்கை நிறுவினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1966இல் வெளியேறிய அளவு திரிபு 1987க்குள்ளாகவே மீண்டும் சேர்ந்துவிட்டதை நில அளவைகள் பின்னர் காட்டின. பூட்டு அதற்குப் பிறகும் பதினேழு ஆண்டுகள் தாங்கியது.

2004இல் முன்னதிர்வு வரவில்லை. திரிபுமானிகள், நூறு கோடியில் ஒரு பங்கு நீள மாற்றத்தையும் உணரக்கூடியவை, தெளிவான எந்த எச்சரிக்கையையும் தரவில்லை. முறிவு இம்முறை தென்கிழக்கில் தொடங்கி வடமேற்கு நோக்கி ஓடியது. ஆனால் அளவு 6.0, உடைந்தது ஏறத்தாழ அதே பிளவுத் துண்டு. எங்கே, எவ்வளவு பெரிது என்ற இரண்டும் சரியாக இருந்தன. எப்போது, எந்த முனையிலிருந்து என்ற இரண்டும் பொய்த்தன. காத்திருந்த வலையமைப்பு வீணாகவில்லை. பிளவுக்கு இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு அடர்த்தியாக ஒரு நிலநடுக்கம் அதற்குமுன் அரிதாகவே பதிவாகியிருந்தது.

நீள்வினா

கடைசியாக ஒன்று. கடிகாரம்போல் திரும்பிவரும் தொடர் எங்கேயாவது உண்டா? இருந்தால், 2011 போன்ற பேரதிர்வு அதை என்ன செய்தது?

அலைவரி

உண்டு, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. ஜப்பானின் கமாயிஷி நகருக்கு அப்பால், கடலடியில் ஒரு திட்டு 1957இலிருந்து ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 4.8 அளவில் உடைந்துகொண்டிருந்தது. 2001 நவம்பர் இறுதிக்குள் அடுத்தது வரும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அந்த நவம்பரிலேயே வந்தது. அதற்கடுத்தது 2008 ஜனவரியில்.

பிறகு 2011 மார்ச் 11 வந்தது. அந்தத் திட்டைச் சுற்றியிருந்த பிளவுப் பரப்பு, முன்பு பல ஆண்டுகளில் ஊர்ந்த தொலைவைச் சில நாட்களில் ஊரத் தொடங்கியது. ஒன்பதே நாளில், மார்ச் 20 அன்று, அதே திட்டு 5.9 அளவில் உடைந்தது. முன்பு அமைதியாக ஊர்ந்துகொண்டிருந்த ஓரங்களையும் இம்முறை சேர்த்து இழுத்துக்கொண்டது. அதன்பின் ஆண்டுக்கணக்கான இடைவெளி நாட்களாகவும் மாதங்களாகவும் சுருங்கி, ஊர்வு தணியத்தணிய இடைவெளிகள் மீண்டும் நீளத் தொடங்கின. அளவும் படிப்படியாகப் பழைய நிலை நோக்கி இறங்கியது. திட்டு அதே திட்டுதான், பாறையும் அதே பாறைதான். சுமை ஏறும் வேகம் மாறியதும் இடைவெளியும் மாறியது, அளவும் மாறியது. பேரதிர்வுக்குப் பின் கடலடியில் பிளவு எவ்வளவு வேகமாக ஊர்ந்தது என்பதைக் கணக்கிட, இன்று அந்த இடைவெளிகளையே ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.